இடுப்புவலிக்காரர் பயிற்சியைத் தொடர்வாரா, விடுவாரா? புதிய பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஒரு வழிகாட்டி

பயிற்சிகளைக் கல்லூரியில் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். நோயாளி வீட்டுக்குப் போய் அதைச் செய்வாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்லித் தருவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்தக் குறை தெரிந்துவிடும். கீழ்முதுகு வலியோடு, நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் இடுப்புவலியோடு, ஒருவர் வருவார். நாலு சிட்டிங் வருவார், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், அப்புறம் காணாமல் போவார். ஆறு மாதம் கழித்து அதே வலியோடு வேறொரு கிளினிக்கில் உட்கார்ந்திருப்பார்.

நீடித்த இடுப்புவலிக்குப் பயிற்சி பலன் தரும் என்பதில் பெரிய சண்டை இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2021-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 249 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களையோ எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களையோ விட, பயிற்சி செய்தவர்களுக்கு 100 புள்ளி அளவுகோலில் சுமார் 15 புள்ளி வலி குறைந்திருந்தது. அற்புதம் என்று சொல்ல முடியாது, ஆனால் கையில் இருப்பவற்றில் நல்லது. செய்தால்தான் அதுவும். நீண்டகால நோய்களுக்கான சிகிச்சையைச் சொன்னபடி கடைப்பிடிப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் எழுதியது. பாதியில் விடுகிறவரைச் சோம்பேறி என்று முடிவுகட்டும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

யார் தொடர்வார் என்று முதல் நாளே ஓரளவு கணிக்கலாம். ஓரளவுதான். ஆனால் அந்தக் கணிப்பு நோயாளிக்கு மார்க் போடுவதற்கு இல்லை. இவர் தொடர மாட்டார் என்று தோன்றினால், உடனே மாற்ற வேண்டியது நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தை. கீழே வருகிற எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே: சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் பலம் குறைந்துகொண்டே போவது, காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, இவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சி பற்றிய பேச்சே வேண்டாம். நேரே டாக்டரிடம் அனுப்புங்கள்.

முதலில், எதைக் கணிக்கிறோம்?

‘தொடர்கிறார்’ என்று சொல்லும்போது மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சிட்டிங்குக்கு வருவது, வீட்டில் சொன்ன நாட்களில் செய்வது, செய்வதைச் சரியாகச் செய்வது. கரண்ட் (வலிக்கு மின்சாரம் வைக்கும் சிகிச்சை) வைத்துக்கொள்ளத் தினமும் தவறாமல் வருகிற ஒரு அம்மா வீட்டில் ஒரு நாள்கூடப் பாயை விரித்திருக்க மாட்டார். இரண்டு பஸ் மாறி வர முடியாமல் நின்றுபோன ஒருவர் வீட்டில் ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பார். வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் இருவரையும் தலைகீழாகப் புரிந்துகொள்வீர்கள்.

அதனால் வீட்டுப் பயிற்சிக்குத் தனியாக ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, வாரம் 5 நாள் செய்யச் சொல்கிறீர்கள். ஆறாவது வார முடிவில் பார்க்கும்போது, கடைசி இரண்டு வாரங்களில் வாரத்துக்கு 4 நாளாவது செய்திருந்தால் ‘தொடர்கிறார்’. உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட எல்லை என்று ஒன்று இல்லை, ஆய்வுக்கு ஆய்வு மாறும். உங்களிடம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறக் கூடாது. எழுத்தில் அளக்க விரும்புகிறவர்கள் ‘ஈயர்ஸ்’ (EARS) என்ற கேள்வித்தாளைத் தேடிப் பார்க்கலாம். நீடித்த இடுப்புவலிக்காரர்களை வைத்தே உருவாக்கி, 2017-இல் வெளியிட்டார்கள். அதில் கடைப்பிடிப்பை அளக்கும் கேள்விகள் ஆறுதான். மொத்தம் 0 முதல் 24 புள்ளி வரை.

முதல் நாள் பழைய கதையைக் கேளுங்கள்

எனக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் என்றால் இதைத்தான் கேட்பேன்: “முந்தி யாராச்சும் பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்களா? எத்தனை நாள் செஞ்சீங்க? எதனால நின்னுபோச்சு?”

மூன்று கேள்வி ஆகிவிட்டது, பரவாயில்லை. இனி என்ன செய்வேன் என்று ஒருவர் கொடுக்கிற வாக்கைவிட, இதுவரை என்ன செய்தார் என்பது நிறையச் சொல்லும். அதிலும் மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். “வலி போயிடுச்சு, விட்டுட்டேன்” என்கிறவரும், “செஞ்சா வலி கூடுது” என்கிறவரும், “காலையில நிக்க நேரம் இல்ல” என்கிறவரும், “மறந்துபோயிடுது” என்கிறவரும் நாலு வேறு ஆட்கள். நாலு பேருக்கும் ஒரே அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்பினால் பழைய கதையே திரும்ப நடக்கும்.

முன்பு பயிற்சியே செய்ததில்லை என்றால், இப்போது நடமாட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். நடைப்பயிற்சி உண்டா, கடைக்கு நடந்து போவாரா, வேலையில் எத்தனை மணி நேரம் உட்காருகிறார்? பிசியோதெரபி வெளிநோயாளிகளைப் பற்றிய 20 ஆய்வுகளைத் திரட்டி 2010-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், பயிற்சியைக் கைவிடுவதோடு வலுவாகத் தொடர்புபட்டவற்றில் தொடக்கத்திலேயே உடலுழைப்பு குறைவாக இருப்பதும் ஒன்று. மற்றவை: சிகிச்சை நடக்கும்போதே பயிற்சியைச் சரியாகச் செய்யாதது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை குறைவு, மனச்சோர்வு, பதற்றம், ‘என் கையில் எதுவும் இல்லை’ என்ற எண்ணம், வீட்டாரின் ஆதரவு இல்லாமை, பயிற்சிக்குத் தடைகள் நிறைய இருப்பதாக நினைப்பது, பயிற்சியின்போது வலி கூடுவது. இந்தப் பட்டியலில் எக்ஸ்ரேயும் எம்ஆர்ஐயும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இவற்றை எப்படிக் கேட்பது? கேள்வித்தாள்கள் இருக்கின்றன. வலியோடும் வேலை செய்ய முடியும் என்ற நம்பிக்கையை அளக்க 10 கேள்விகள், 60 புள்ளி உள்ள ஒன்று; அசைவுப் பயத்துக்கு டாம்பா அளவுகோல், 17 கேள்விகள், 17 முதல் 68 புள்ளி வரை. காலை பத்து மணிக்கு வெளியே பன்னிரண்டு பேர் காத்திருக்கும் இடத்தில் இதெல்லாம் நடக்காது என்பது எனக்கும் தெரியும். பேச்சோடு பேச்சாகவே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

நம்பிக்கைக்கு: “இந்த ரெண்டு பயிற்சியையும் வாரம் அஞ்சு நாள் செஞ்சிடலாம்னு உங்களுக்கு எவ்வளவு தைரியம் இருக்கு? பத்துக்கு எத்தனை சொல்வீங்க?” 7-க்குக் கீழே சொன்னால் திட்டம் அவருக்குப் பெரிது. குறைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். நம் ஆட்களிடம் இதில் ஒரு சிக்கல் உண்டு. முகத்துக்கு நேரே குறைத்துச் சொன்னால் மரியாதை இல்லை என்று பத்துக்குப் பத்து போட்டுவிடுவார்கள். அதனால் பின்னாலேயே, “சரிங்க, எந்தக் கிழமை செய்ய முடியாமப் போகும்னு தோணுது?” என்று கேளுங்கள். “அதெல்லாம் செஞ்சிடுவேன் சார்” என்ற பதிலைவிட, “செவ்வாய், வெள்ளி வீடு கழுவணும், அன்னிக்குக் கஷ்டம்” என்ற பதில் எனக்குப் பிடிக்கும். அதை வைத்து ஏதாவது செய்யலாம்.

பயத்துக்கு: “குனிஞ்சா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?” “டிஸ்க் வெளிய வந்துடும்” என்பார் ஒருவர். “ஜவ்வு ஏற்கெனவே தேஞ்சுபோச்சு, இன்னும் தேயும்” என்பார் இன்னொருவர். இப்படி நம்புகிறவர் பயிற்சி செய்யாமல் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தன் முதுகைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைக்கிறார். அவரிடம் சொல்ல ஒரு நல்ல தகவல்: வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்த 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 80 வயதில் 96 விழுக்காடு. தலை நரைப்பது மாதிரி இது என்று சொன்னால் பெரும்பாலோர் பிடித்துக்கொள்வார்கள்.

மனநிலைக்கு இரண்டு கேள்விகள் போதும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் சொல்லி மேற்கொண்டு பார்க்க வேண்டும். தூக்கமில்லை, பசியில்லை என்கிறவருக்குப் பூனை–ஒட்டகப் பயிற்சியை (நாலு காலில் நின்று முதுகை மேலும் கீழும் வளைப்பது) சொல்லிக் கொடுத்துவிட்டுத் தொடரவில்லையே என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்காமல் விடாதீர்கள். எத்தனை அறை? தரையில் படுக்க இடம் இருக்கிறதா, படுத்தால் எழுந்திருக்க முடியுமா? வீட்டில் யார் யார்? ஒரே அறையில் மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருக்க, நைட்டியோடு மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி ‘பிரிட்ஜிங்’ செய்ய எந்த மருமகளுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அவர் அதை உங்களிடம் சொல்ல மாட்டார். “நேரமில்ல” என்றுதான் சொல்வார்.

கடைசியாக, பயிற்சியை உங்கள் கண் முன்னே செய்யச் சொல்லுங்கள். முகத்தைப் பாருங்கள். செய்யும்போது வலி கூடுகிறதா, மூச்சைப் பிடிக்கிறாரா, இரண்டாவது தடவை நீங்கள் சொல்லாமலே செய்கிறாரா?

எதை நம்பி ஏமாறக் கூடாது

வயது, ஆண் பெண், படிப்பு ஆகியவை பற்றி ஆய்வுகள் ஒரே பக்கம் பேசவில்லை. ஆனால் நம் மனம் அங்கேதான் முதலில் போகும். ஐடி கம்பெனிக்காரர் படித்தவர், செய்வார். கட்டட வேலைக்காரர் செய்ய மாட்டார் என்று முடிவு கட்டிவிடுவோம். இன்முகத்தோடு பேசுகிறவர் தொடர்வார், கேள்வி மேல் கேள்வி கேட்கிறவர் தொல்லை என்றும் தோன்றும். கேள்வி கேட்கிறவர் செய்யப்போவதால்தான் கேட்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

கணிப்பை எழுதி வையுங்கள்

மனதில் வைத்துக்கொண்டால் அது கணிப்பு ஆகாது. பின்னால் “நான் அப்பவே நினைச்சேன்” என்று எல்லோரும் சொல்லலாம். ஒரு நோட்டில் மூன்றே வகை: தொடர்வார், பாதிக்குப் பாதி, கஷ்டம். பக்கத்தில் ஒரு வரி காரணம். “கஷ்டம் – குனிந்தால் டிஸ்க் வெளியே வரும் என்ற பயம், முன்பு இரண்டு முறை விட்டிருக்கிறார்.” இவ்வளவு போதும். பயம் 2 புள்ளி, சோர்வு 3 புள்ளி என்று நீங்களே மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். அந்த எண்களுக்கு எந்த ஆதாரமும் கிடையாது.

கேஸ் ஷீட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். அடுத்து பார்க்கிறவர் அதைப் படித்துவிட்டுப் பாதி முயற்சியில் நிறுத்திக்கொள்வார், கணிப்பு தானாகவே பலித்துவிடும். காரணத்தை எழுதினால் அவர் அதைச் சரிசெய்யப் பார்ப்பார்.

கணிப்புக்கு ஏற்பத் திட்டத்தை மாற்றுங்கள்

‘தொடர்வார்’ என்று குறித்தவருக்கு வழக்கமான திட்டம், இரண்டு வாரத்தில் ஒரு சந்திப்பு. அவரை விட்டுவிடலாம். உழைப்பு மற்ற இருவரிடம்தான்.

எல்லோருக்கும் பொருந்துவது எண்ணிக்கையைக் குறைப்பது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2, 5, 8 என்று வெவ்வேறு எண்ணிக்கையில் வீட்டுப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1999-இல் வந்தது. 8 பயிற்சி வாங்கியவர்களைவிட 2 வாங்கியவர்கள் நன்றாகச் செய்தார்கள். அது முதுகுவலிக்கென்று செய்த ஆய்வு இல்லை என்றாலும், பத்துப் படம் போட்ட தாளைக் கொடுக்கக் கை நீளும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும். ‘கஷ்டம்’ என்று குறித்தவருக்கு ஒன்றிரண்டு போதும். இரண்டாவது வாரம் ஒன்றைச் சேர்க்கலாம்.

நேரமில்லை, மறந்துவிடுகிறது என்கிறவருக்கு, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு பயிற்சியைக் கோத்துவிடுங்கள். “காலையில செய்ங்க” என்றால் நடக்காது. “பால் அடுப்பில வெச்சதும், மேடையைப் பிடிச்சிக்கிட்டு நின்னபடியே பின்னால பத்து தடவை வளைங்க” என்றால் நடக்க வாய்ப்பு அதிகம். தரையில் படுக்கக் கூச்சப்படுகிறவருக்கும் இதுவே வழி: நின்றோ சுவரில் சாய்ந்தோ செய்கிற பயிற்சிகள். தரையிலிருந்து எழ முடியாதவருக்குக் கட்டிலிலேயே செய்யச் சொல்லலாம். மெத்தை கொஞ்சம் அமுங்கும்தான், ஆனால் செய்யாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

ஒரு மண்டலம், அதாவது 48 நாள், செய்தால் பழகிவிடும் என்று சொல்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. லண்டனில் நடந்து 2010-இல் வந்த ஒரு ஆய்வில், புதிய பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுமதிப்பாகப் பார்த்தால் 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நாள் கணக்குச் சொல்லாமல் இருப்பது நல்லது. 48-வது நாளும் கஷ்டமாக இருந்தால் அவர் தன்னைத்தான் நொந்துகொள்வார்.

பயப்படுகிறவருக்கு வார்த்தை மட்டும் போதாது. எந்த அசைவுக்குப் பயப்படுகிறாரோ அதன் சின்ன வடிவத்தை உங்கள் முன் செய்ய வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தொடுவது, அடுத்த தடவை கணுக்கால், அப்புறம் நின்றபடி. வலியைப் பற்றி ஒரு விதியும் சொல்லி அனுப்புங்கள்: செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும், நிறுத்தக் கூடாது, வலி காலில் கீழ்நோக்கி இறங்கினால் நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும். இந்த விதி இல்லாதவர் முதல் வலியிலேயே விட்டுவிடுவார்.

‘என் தலையெழுத்து’ என்று இருப்பவருக்கு மேற்பார்வை தேவை. நீடித்த இடுப்புவலிக்காரர்களின் வீட்டுப் பயிற்சியைப் பற்றி 2013-இல் வந்த தொகுப்பாய்வில், தொடர்வதோடு ஓரளவு தொடர்புபட்டவற்றில் மேற்பார்வையும், ஊக்கப்படுத்தும் உத்திகள் சேர்ந்த திட்டங்களும் உண்டு. கிளினிக்குக்கு வர முடியாத முதியவர் என்றால், தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிற ஏற்பாடு இருக்கிறது; அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஊக்கப்படுத்துவதற்கும் ஒரு எல்லை உண்டு. ஆஸ்திரியாவில் 93 பேரிடம் நடந்து 1998-இல் வந்த ஆய்வில், ஊக்கத் திட்டம் சேர்த்தவர்கள் சிட்டிங்குக்கு அதிகம் வந்தார்கள். ஆனால் நீண்டகாலத்தில் வீட்டில் தொடர்வதில் வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாவது வாரம்தான் உண்மையான பரீட்சை

முதல் நாள் கணிப்பை முடிந்த முடிவாக வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் இரண்டு வாரத்தில் அவர் என்ன செய்தார் என்பது எந்தக் கேள்வித்தாளையும் விடப் பெரிய துப்பு. பத்தாவது நாள் வாக்கில் கட்டாயம் ஒரு சந்திப்போ போனோ இருக்கட்டும். அன்றைக்குக் கணிப்பை மறுபடி எழுதுங்கள்.

ஆனால் எப்படித் தெரிந்துகொள்வது? “செஞ்சீங்களா?” என்றால் “செஞ்சேன்” என்பார்கள். நாட்குறிப்பு கொடுக்கலாமா? அமெரிக்காவில் நீடித்த வலியுள்ள 80 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2002-இல் வந்தது. அதில் சிலருக்குக் காகித வலிக்குறிப்பேடு கொடுத்தார்கள். அந்த உறைக்குள் வெளிச்சத்தை உணரும் கருவி ஒளிந்திருந்தது, எப்போது திறந்தார்கள் என்று தெரிந்துவிடும். குறித்த நேரத்தில் எழுதியதாக அவர்கள் காட்டியது 90 விழுக்காடு. உண்மையில் 11 விழுக்காடு. சந்திப்புக்கு முன்தினம் உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் டிக் போடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

நான் செய்வது இது. முதலில், செய்யாமல் விடுவது சகஜம் என்று நானே சொல்லிவிடுவேன்: “பாதிப்பேரால தினமும் செய்ய முடியறது இல்ல. போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?” எத்தனை நாள் செய்தீர்கள் என்று கேட்பதைவிட இதற்கு உண்மையான பதில் வரும். அடுத்து, “ஒரு தடவை செஞ்சு காட்டுங்கக்கா” என்பேன். வீட்டில் செய்கிறவர் யோசிக்காமல் ஆரம்பிப்பார். செய்யாதவர் எந்தக் கால் என்று கேட்பார். அவரைத் திட்ட வேண்டாம். எது தடுத்தது என்று கேட்டு, பயிற்சியை இன்னும் சின்னதாக்குங்கள். செய்தவரிடம் என்ன முன்னேற்றம் என்று எடுத்துச் சொல்லுங்கள்: “போன தடவை முட்டி வரைக்கும்தான் கை போச்சு, இப்ப கணுக்கால் தொடுது.” நெதர்லாந்தில் 1993-இல் வந்த ஆய்வில், கடைப்பிடிக்காமல் போவதோடு தொடர்புபட்ட மூன்று முக்கியக் காரணங்களில் ஒன்று நல்ல வார்த்தை கிடைக்காதது. மற்ற இரண்டு, தடைகளும் கையறு நிலையும்.

கணக்குப் பார்த்தல்

முப்பது பேர் சேர்ந்ததும் நோட்டை எடுங்கள். ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேர் உண்மையில் தொடர்ந்தார்கள்? ‘தொடர்வார்’ என்று குறித்த பத்துப் பேரில் எட்டு பேர் தொடர்ந்திருந்தால் உங்கள் கண் நன்றாக இருக்கிறது. ஐந்து பேர்தான் என்றால், காசைச் சுண்டியும் அதே விடை வந்திருக்கும். தவறிப்போனவர்களுக்கு எழுதிய காரணங்களைப் படித்தால் எதில் ஏமாறுகிறீர்கள் என்று தெரியும்.

‘கஷ்டம்’ வகையில் ஒரு குழப்பம் வரும். கஷ்டம் என்று குறித்தீர்கள், திட்டத்தை மாற்றினீர்கள், அவர் தொடர்ந்துவிட்டார். கணிப்பு தவறா? நீங்கள் தலையிட்டதால் நடந்ததா, எப்படியும் நடந்திருக்குமா என்று அந்த ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் உங்கள் கணிப்பைச் சோதிக்க, அதிகம் தலையிடாத ‘தொடர்வார்’ வகையைத்தான் முதலில் பாருங்கள்.

கணினி கணித்துச் சொல்லும் செயலியை யாராவது விற்க வந்தால், துல்லியம் 80 விழுக்காடு என்பதை மட்டும் கேட்டு மயங்காதீர்கள். 100-க்கு 80 பேர் விட்டுவிடுகிற இடத்தில், எல்லோரையும் ‘விடுவார்’ என்று சொன்னாலே 80 விழுக்காடு துல்லியம் வந்துவிடும். விடுவார் என்று அது சொன்னவர்களில் எத்தனை பேர் விட்டார்கள், அதை எந்த ஊர் நோயாளிகளிடம் சோதித்தார்கள், காரணம் சொல்கிறதா என்று கேளுங்கள். காரணம் சொல்லாத கணிப்பை வைத்துத் திட்டத்தில் எதை மாற்றுவீர்கள்?

கணக்கில் இன்னொரு வகையைத் தனியாக வையுங்கள்: வலி போனதால் நிறுத்தியவர்கள். வராதவர்களுக்கெல்லாம் போன் செய்தால்தான் இவர்களைப் பிரித்தறிய முடியும். “ஏன் வரல?” என்று ஆரம்பித்தால் குற்றம் சொல்வதுபோல இருக்கும்; “இடுப்பு இப்ப எப்படிங்க இருக்கு?” என்று கேளுங்கள். வேலைக்குப் போகிறேன், வலியில்லை என்றால் அவரை ‘விட்டவர்’ பட்டியலில் போடாதீர்கள். தோல்விப் பட்டியலில் சேர்த்தால் உங்கள் கணக்குதான் கெடும். இடுப்புவலி திரும்பி வருகிற பழக்கம் உள்ளது என்பதால், வாரம் இரண்டு நாளாவது அந்த ஒரு பயிற்சியைச் செய்யச் சொல்லிவிட்டு, மூன்று மாதம் கழித்து இன்னொரு போனுக்குத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.